சர்ச்சா இருந்த கட்டடத்துல புது ஆபிஸு, யூத கொலீக் உள்ள வந்து வேல பாக்கலாமா?

சிப்புட்_டிராப்ட்ஸ்மேன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் வித்தியாசமான கேள்வி, தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. நான் சுங்கை சிப்புட்ல வீட்டுல இருந்தே லண்டன் கம்பெனி ஒன்னுக்கு டிராயிங் போட்டுக் குடுக்குறவன். கம்பெனி இப்ப ஆபிஸ மாத்துறாங்க, நார்த் லண்டன்ல ரொம்ப நாளா மூடிக் கெடந்த பழைய சர்ச் ஒன்ன வாங்கி உள்ளுக்குள்ள மாடி எறக்கி கண்ணாடி ரூம் வச்சி ஆபிஸா ஆக்குறாங்க, அந்த டிராயிங்ல பாதி என் கையிலதான் இருக்கு. எங்க டீம்ல ஒரு யூதர் இருக்காரு, ரொம்ப ஆச்சாரமான ஆளு, தலையில எப்பவும் சின்னக் குல்லா, டிசம்பர் மாசம் வெள்ளிக்கெழமன்னா மத்தியானம் 2 மணிக்கெல்லாம் லேப்டாப்ப மூடிடுவாரு, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுல இருக்கணுமாம். போன மீட்டிங்ல எல்லாரும் புது ஆபிஸ் பிரமாதம்னு குதிச்சிக்கிட்டு இருக்காங்க, இவரு மட்டும் "நான் என் ரபிகிட்ட கேட்டுட்டுதான் சொல்லணும்"னுட்டாரு, ரபின்னா அவங்க மத குரு. அதுக்கு மேல நோண்ட எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி.

எனக்கு என்ன தெரியணும்னா, யூத சட்டப்படி வேற மதத்துக் கோயிலா இருந்த எடத்துல ஒக்காந்து சம்பளத்துக்கு வேல பாக்கக் கூடாதா? இது நம்ம ஆளுங்க பயப்படுற மாதிரி பயமா, இல்ல வேற ஏதாச்சுமா? ஏன் கேக்குறேன்னா எங்க பழைய தோட்டத்த டெவலப்பர் வாங்குனப்ப மாரியம்மன் கோயில டவுன் பக்கம் மாத்திட்டாங்க, பழைய கட்டடத்துல ஒருத்தரு உர ஸ்டோர் போட்டாரு, அதுக்கு தோட்டத்துப் பெருசுங்க பண்ண ரகளை இருக்கே, இன்னிக்கும் அந்த எடத்த தாண்டுறப்ப மோட்டார்ல இருந்து எறங்கி செருப்ப கழட்டிட்டுப் போறவங்க இருக்காங்க.

கோப்பிக்கட_மாமா:

லண்டன்ல சர்ச்சுக்குள்ள ஆபிஸா, ஓவர்டைம் பாக்குறப்ப பியானோ தானா வாசிக்கும் பாத்துக்க லா 😂 அந்த ஆளுக்கும் அந்தப் பயந்தான் இருக்கும். ஒரு எலுமிச்சம்பழத்த வாசல்ல வச்சி மிதிச்சிட்டு உள்ள போவச் சொல்லு.

லிங்கம்_பழைய_லண்டன்:

மாமா, பியானோவெல்லாம் இல்ல, ஆர்கன். தம்பிக்கு நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் முன்ன கோல்டர்ஸ் கிரீன்ல ஒரு கோஷர் கேட்டரிங் கிச்சன்ல, அதாவது யூத உணவுச் சட்டப்படி சமைக்கிற எடத்துல, வேல பாத்தவன். அங்க அடுப்ப நாம பத்த வைக்கக் கூடாது, மஷ்கியாக்னு மேற்பார்வைக்கு ஒரு யூதர் நிப்பாரு, அவரு பத்த வச்சப்பறம் நாம கிண்டலாம் வதக்கலாம். அந்த மனுஷன் சும்மா இருக்கற நேரமெல்லாம் தல்முத்த, அதான் யூத சட்ட வாதங்களோட பெரிய தொகுப்ப, விரிச்சி வச்சிக்கிட்டு இருப்பாரு, நான் வெங்காயம் வெட்டிக்கிட்டே கேள்வி கேப்பேன், அவருக்கும் வாதாட ஆளு வேணும்ல. அப்பறம் நானே தேடிப் படிக்க ஆரம்பிச்சிட்டேன். அதனால சொல்றேன், நான் ரபி இல்ல, ஆனா அந்த ரபி எந்தெந்தக் கேள்வி கேப்பாருன்னு சொல்ல முடியும்.

மொத விஷயம், ஆவி, காத்து, கருப்பு, தோஷம், இதெல்லாம் இந்த விஷயத்துல அவங்க பேச்சுலயே கெடையாது. அவங்க கேக்குறது பலன் பத்துன கேள்வி. வேற தெய்வ வணக்கத்துக்கு ஆன பொருள்ல இருந்து நான் ஏதாச்சும் பலன் அடையலாமா, அதுல ஒக்காரலாமா, விக்கலாமா, நெழலுக்கு ஒதுங்கலாமா. பைபிள்ல உபாகமம் 7ஆம் அதிகாரத்துல அந்த மாதிரிப் பொருள ஒன் வீட்டுக்குள்ள கொண்டாராதன்னு இருக்கு, அதப் புடிச்சிக்கிட்டு மிஷ்னாங்கற அவங்க பழைய சட்டத் தொகுப்புல ஒரு முழுப் பகுதியே ஓடுது, அவோதா சாரான்னு பேரு, வேற தெய்வ வணக்கம்னு அர்த்தம், மிஷ்னா கிபி 200 வாக்குல தொகுத்தது. ரோமாபுரிக்காரன் ஆட்சி, தெருவுக்குத் தெரு சிலை, கோயிலு, குளிக்கிற எடத்துல கூட சிலை, அதுக்கு நடுவுல இவங்க கட காணி வச்சிப் பொழைக்கணும். சும்மா தத்துவமா எழுதுனது இல்ல, நாளைக்குக் காலையில கடைய எங்க தொறக்கறதுன்னு கேட்டவனுக்குச் சொன்ன பதிலு.

அதுல 3ஆம் அதிகாரம் 7ஆவது பத்திதான் ஒன் கேள்விக்கு நேரா வருது. மூனு வக வீடுங்கறாங்க. ஆரம்பத்துலயே சாமிக்குன்னு கட்டுன வீடுன்னா தடை. ஏற்கனவே இருந்த வீட்ட சாமிக்குன்னு பூசி மெழுகி அலங்காரம் பண்ணிருந்தா, அந்தப் புதுசா பண்ணத மட்டும் எடுத்துட்டா போதும். சும்மா ஒரு சிலைய உள்ள கொண்டாந்து வச்சி அப்பறம் வெளிய எடுத்துட்டாங்கன்னா, வீட்டுக்கு ஒன்னும் ஆவல, தாராளமா இருக்கலாம். 

இப்ப நீ கேப்ப, சர்ச்சு ஆரம்பத்துலயே சாமிக்குன்னு கட்டுனதுதானே, அப்ப மொத வக, கத முடிஞ்சிதேன்னு. அங்கதான் வாதம் சூடு புடிக்கும். 1565ல வெனிஸ்ல அச்சான ஷுல்கான் அரூக்குன்னு ஒரு சட்டத் தொகுப்பு இருக்கு, யோசேப் காரோ எழுதுனது, இன்னிக்கும் அதான் அடிப்படை. அதுல இந்த மொத வகைய எப்படி எடுத்துக்குறாங்கன்னா, வீடே தெய்வமா, அந்தச் செவுத்தையே கும்புடறதுக்காகக் கட்டுனது. சர்ச்சுல யாரும் செவுத்தக் கும்புடல, செவுத்துக்குள்ள கூடி நின்னு கும்புடறாங்க. அதனால கட்டடத்த ஒரேயடியா தள்ளி வைக்க வேண்டியதில்லன்னு சொல்ல வழி இருக்கு.

இதுக்கு மேல பித்தூல்னு ஒன்னு இருக்கு. ஒரு பொருள வணங்குனவனே "இது இனிமே எனக்கு சாமி இல்ல"ன்னு செயல்ல காட்டிட்டா அந்தத் தடை ரத்து. சிலையோட காது நுனிய, மூக்கு நுனிய ஒடச்சா போதும்ங்குது மிஷ்னா. ஆனா முக்கியமான கண்டிஷன், அத யூதன் பண்ண முடியாது, அந்த வணக்கத்துக்காரன்தான் பண்ணணும். அதாவது ஒன் கொலீக் உள்ள போயி நாலு சிலுவைய எடுத்து வெளிய வச்சிட்டு சரியாயிடுச்சின்னு சொல்ல முடியாது, சர்ச்சுக்காரங்க என்ன பண்ணாங்கன்னுதான் பாக்கணும். வித்துட்டாங்களே, அதே ரத்து பண்ண மாதிரிதானேன்னா, அதுக்கும் அங்கயே சண்ட இருக்கு, மிஷ்னாவ தொகுத்த யூதா ஹநாசி வித்தாலே ரத்துதான்னாரு, மத்த அறிஞருங்க இல்லன்னாங்க.

அதுக்கடுத்த பத்திதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. வணங்குனவங்க ஒரு சிலைய அமைதிக் காலத்துல விட்டுட்டுப் போனா அனுமதி. சண்டக் காலத்துல விட்டுட்டுப் போனா தடை. ஏன்னா சண்டையில ஓடுனவன் மனசார விடல, திரும்பி வருவோம்னு நெனச்சிக்கிட்டுதான் ஓடுனான். அப்ப பாரு, ஒரு எடத்தோட நெலமைய தீர்மானிக்கிறது அங்க என்ன நடந்துச்சிங்கறது மட்டும் இல்ல, இருந்தவங்க எப்படிப் போனாங்கங்கறதும். ஒன் தோட்டத்துப் பெருசுங்க ரகளையும் எனக்கு இந்தக் கேள்வியாதான் படுது. கோயில மாத்துனப்ப ஒழுங்கா எல்லாம் செஞ்சி, சொல்லிட்டு கெளம்புனாங்களா, இல்ல நோட்டீஸு ஒட்டி லோரி வந்து நின்னப்பறம் கெளம்புனாங்களா?

கோயில்_கமிட்டி_மணியம்:

லிங்கம் அண்ணே சொன்ன கடைசி வரி சுருக்குனு குத்துது. நான் பக்கத்துத் தோட்டத்துக் கமிட்டியில இருந்தவன். எங்களுக்குக் கையில கொஞ்சம் டைம் கெடச்சிச்சி, குருக்கள கூட்டியாந்து முறையா கலாகர்ஷணம் பண்ணோம், மூலவர் சக்திய கலசத்துல எறக்கி, கலசத்த மேளதாளத்தோட புது எடத்துக்குக் கொண்டு போயி பாலாலயத்துல வச்சி பூச நடத்தி, அப்பறந்தான் கும்பாபிஷேகம். குருக்களே சொன்னாரு, கலசம் கெளம்புனப்பறம் பழைய எடம் வெறும் கல்லும் மண்ணும்தான், மனசுல ஒன்னும் வச்சிக்காதீங்கன்னு. ஆனா எல்லாத் தோட்டத்துலயும் அப்படி நடக்கல, சில எடத்துல சாமிய தார்ப்பாயில சுத்தி லோரியில ஏத்துனதுதான். தம்பி தோட்டத்துல எதுன்னு அவருக்குத்தான் தெரியும். எங்க பழைய கோயில் கட்டடத்துல இப்ப செம்பனக் கொல வெட்டுற ஆளுங்க சாமான் வச்சிருக்காங்க, யாரும் செருப்ப கழட்டுறதில்ல. ஆனா அரசமரத்தடி முனீஸ்வரன் கல்ல மட்டும் யாரும் எடுக்கல, எடுக்கச் சொல்லி யாருக்கும் தைரியமும் இல்ல.

ஸ்டெல்லா_டீச்சர்:

நான் கத்தோலிக்க கிறிஸ்துவள், இத எங்க பக்கத்துல இருந்தும் சொல்லணும். ஒரு கோயில மூடுறதுன்னா நாங்க சும்மா சாவிய திருப்பி எறிஞ்சிட்டுப் போறதில்ல. திருச்சபைச் சட்டம் 1222ல இருக்கு, இனிமே வழிபாட்டுக்குப் பயன்படுத்த முடியாத கோயில ஆயர் சாதாரண உபயோகத்துக்கு விடலாம், ஆனா அசிங்கமான உபயோகத்துக்கு விடக்கூடாது. அதாவது லைப்ரரி, ஆபிஸு, வீடு எல்லாம் பரவாயில்ல, டிஸ்கோ, சூதாட்டம்னா வயிறு எரியும். நற்கருணைய எடுத்துடுவாங்க, பீடத்த எடுத்துடுவாங்க. இங்கிலாந்து ஆங்கிலிக்கன் சபைக்கும் மூடுன கோயில்களுக்குன்னு தனிச் சட்ட நடைமுறை இருக்கு. அப்ப லிங்கம் சார் சொன்ன பித்தூல் எங்களாலயே எழுத்துல நடந்துடுதுன்னுதானே அர்த்தம்? தம்பி, அந்தக் கட்டடம் எந்தச் சபையோடதுன்னு பாருங்க, அத வச்சி அந்த ரபிக்கு பாதி வேல மிச்சம்.

இன்னொன்னு, எங்க கோயில விக்கிரகக் கோயில்ங்கற மாதிரி பேசுறது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாதான் இருக்கு, ஆனா புரிஞ்சிக்கணும்னு கேக்குறேன், சண்டைக்கு இல்ல.

வீரன்_தாசன்:

டீச்சருக்காச்சும் கொஞ்சம் கஷ்டம், எனக்கு நல்லாவே கோவம் வருது. சர்ச்சுக்கே இந்தக் கேள்வின்னா அப்ப நம்ம கோயிலு எந்த லிஸ்ட்ல இருக்கு? நமக்கு நேரா நடந்தத யாரும் சொல்லல, நான் சொல்றேன். 2004ல திருப்பதி முடிய வச்சி பெரிய கூத்து நடந்துச்சி. கல்யாணமான ஆச்சாரமான யூதப் பொம்பளைங்க தலைமுடிய மறைக்கணும், நெறைய பேரு அதுக்கு விக்கு போடுவாங்க, அந்த விக்கு முடியில நெறைய நம்ம மொட்ட முடி, திருமலையில ஏலம் விட்டுப் போனது. அது சாமிக்குக் காணிக்க குடுத்த முடின்னு ஜெருசலேம்ல இருந்த பெரிய ரபி எல்யாஷிவ் தடை போட்டாரு, நியூயார்க் புரூக்ளின்ல நடுத்தெருவுல அந்த விக்குங்க எல்லாத்தையும் போட்டுக் கொளுத்துனாங்க. பத்துமலையில எங்கம்மா எனக்கு மொட்ட போட்டது பக்தியில, அது அவங்களுக்கு எரிக்கிற சாமானா?

லிங்கம்_பழைய_லண்டன்:

வீரன், கோவம் நியாயம்தான், நான் மூடி மறைக்கல. நம்ம சிலை வழிபாட்ட பழைய சட்டப் புத்தகம் அவோதா சாராங்கற கணக்குலதான் வைக்கும். கொளுத்துனதையும் நான் அப்பவே நியூஸ்ல பாத்தேன், எனக்கும் நல்லால்ல. ஆனா அந்த விவகாரத்துல அவங்களுக்குள்ள நடந்த வாதம் இந்தத் தலைப்புக்கு ரொம்ப வேண்டியது, கோவத்த ஒரு பக்கம் வச்சிட்டுக் கேளு.

வணக்கத்துக்குப் பயன்பட்ட பொருளுக்கு ரத்து உண்டுன்னு சொன்னேன்ல, காணிக்கையா படைச்ச பொருளுக்கு அந்த ரத்து கெடையாது. எத்தன கை மாறுனாலும் தடை தடைதான். அதனால மொத்தச் சண்டையும் ஒரே எடத்துல நின்னுச்சி, முடிய மழிக்கிறதே காணிக்கையா, இல்ல நம்மள நாமளே அடக்கிக்கிறதுக்கு ஒரு நேர்த்தியா, நாவிதர் சன்னதிக்கு வெளிய ஒரு மண்டபத்துலதானே மழிக்கிறாரு? லண்டன்ல இருந்து ரபி டன்னர்ங்கறவர திருமலைக்கே அனுப்பி பாத்துட்டு வரச் சொன்னாங்க. அதுக்கப்பறமும் எல்லாரும் ஒத்துக்கல, வேற சில ரபிங்க அனுமதிதான்னாங்க. அப்பறம் இந்திய முடி இல்லன்னு சான்று ஒட்டுன விக்குன்னே ஒரு வியாபாரம் வந்துச்சி. கட்டடத்துக்கு இது எப்படி வரும்னா, கட்டடம் காணிக்க இல்ல, அதனால அதுக்கு மீட்சி உண்டு.

நம்மள பத்தி அவங்க பார்வ அப்படியே ஒறைஞ்சி போயும் கெடக்கல. 2007ல டெல்லியிலயும் 2008ல ஜெருசலேம்லயும் இஸ்ரேல் தலைமை ரபிங்களும் நம்ம சுவாமி தயானந்த சரஸ்வதி மாதிரி ஆச்சாரியருங்களும் ஒக்காந்து பேசுனாங்க. ரெண்டாவது கூட்டத்து அறிக்கையில, இந்துக்கள் உருவத்தோடயும் உருவமில்லாமயும் கும்புடறது ஒரே பரம்பொருளத்தான், சிலைகள தெய்வம்னு கும்புடறதா இத எடுத்துக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க. அது சட்டத் தீர்ப்பு இல்ல, ஆனா எழுத்துல இருக்கு. டீச்சருக்கும் ஒன்னு, 13ஆம் நூத்தாண்டுலயே மெய்ரின்னு புரோவான்ஸ் பக்கத்து ரபி ஒருத்தர், சமயத்துக்கும் ஒழுக்கத்துக்கும் கட்டுப்பட்டு நடக்குற சமூகங்கள பழைய சட்டம் சொன்ன விக்கிரகக்காரங்களோட சேக்கக் கூடாதுன்னு எழுதுனாரு. மைமோனிடிஸ்னு 12ஆம் நூத்தாண்டுப் பெரிய யூத சட்ட அறிஞர் வேற மாதிரி, கிறிஸ்துவத்த அந்தக் கணக்குல வச்சாரு, இஸ்லாத்த வைக்கல. அதான் பள்ளிவாசலா இருந்த கட்டடம்னா ரபிங்களுக்கு இந்தத் தலைவலியே ரொம்பக் கொறைவு.

முனீஸ்வரன் மரம்னு மணியம் சொன்னதும் ஞாபகம் வந்துச்சி, மிஷ்னால மரத்துக்கும் சட்டம் இருக்கு. அஷெராங்கற வழிபாட்டு மரத்து நெழல்ல ஒக்காரக் கூடாது. அது பொதுப் பாதைய மறிச்சிக்கிட்டு நின்னா மட்டும் அடியில நடந்து போனவன் மேல குத்தமில்ல. அடியில கீர போடலாமான்னா, மழ குளிர் காலத்துல போடலாம், வெயில் காலத்துல போடக் கூடாது, ஏன்னா வெயில்லதான் நெழலு கீரைக்கு ஒதவும், அது பலன். உடனே ரபி யோசே எந்திரிச்சி, குளிர்லயும் கூடாது, எல விழுந்து ஒரமாயிடுமேங்கறாரு. இந்த மனுஷங்களோட ஒக்காந்து டீ குடிக்கணும் போல இருக்கும் எனக்கு.

மட்டுறுத்துநர்:

மத்திய கிழக்கு அரசியல இங்க இழுத்த 2 பதிவ எடுத்துட்டேன். தலைப்பு கட்டடமும் சட்டமும். அதுக்குள்ளயே இருங்க.

பினாங்கு_பொண்ணு:

எனக்கு ஒரு எதிர்க் கேள்வி, யூதக் கோயிலே வேற உபயோகத்துக்குப் போனா என்ன சட்டம்? ஏன்னா ஜார்ஜ்டவுன்ல நாகூர் ரோட்டுல ஒரு சினகாக் இருந்துச்சி, 1929ல தொறந்தது, 1976ல மூடிட்டாங்க, பொதுத் தொழுகைக்கு வயசு வந்த ஆம்பளைங்க 10 பேரு சேரணுமாம், அத்தன பேரு ஊர்ல இல்ல. இப்ப பாத்தா மத்தக் கடவீடு மாதிரிதான் இருக்கு. கல்லற மட்டும் ஜாலான் சைனல் அபிடின்ல இருக்கு, 1805ல இருந்து, முன்ன அந்த ரோட்டு பேரே ஜாலான் யாஹூடிதான், பேர மாத்திட்டாங்க.

லிங்கம்_பழைய_லண்டன்:

நல்ல கேள்வி பாப்பா. அதுக்கு மிஷ்னாலயே மெகில்லான்னு வேற பகுதி. ஊர்க்காரங்க சேர்ந்து முடிவு பண்ணா சினகாக்க விக்கலாம், வந்த காசுல அதவிட ஒசந்த புனிதமான பொருள்தான் வாங்கணும், எறங்கிப் போவக் கூடாது. வாங்குனவன் என்ன வேணா செய்யலாம், 4 மட்டும் கூடாதுன்னாங்க, குளியல் வீடு, தோல் பதனிடுற எடம், முழுக்குக் கொளம், மூத்திரக் கொட்டாய். டீச்சர் சொன்ன ஆயர் சட்டத்த பாருங்க, அசிங்கமான உபயோகம் கூடாதுங்கறது ரெண்டு வீட்டுலயும் ஒன்னுதான்.

விக்காம பாழடைஞ்சி போச்சின்னா இன்னும் கடுமை. சினகாக் இடிஞ்சி கெடந்தாலும் புனிதம் போவல. அதுல குறுக்கு வழியா நடக்காத, வல விரிக்காத, கூரையில பழம் காய வைக்காத. உள்ள புல்லு மொளச்சா புடுங்காதன்னு இருக்கு, பாக்குறவன் மனசு நோவட்டும்னு. அதாவது தன் கோயிலு இடிஞ்சி கெடந்தா அந்த வலிய மறைக்கக் கூடாதாம். ஆனா அடுத்தவன் கோயிலு வெறிச்சோடிக் கெடந்தா, அவன் போன விதத்த விசாரி. ரெண்டையும் சேத்து வச்சிப் படிச்சப்பதான் எனக்கு இந்தச் சட்டத்து மேல மரியாத வந்துச்சி.

ஜெயா_அக்கா_பீடோர்:

இவ்ளோ படிச்சிட்டீங்க, ஆனா நெசத்துல யாராச்சும் சர்ச்சுக்குள்ள போயி ஒக்காந்திருக்காங்களா இல்லயா, அத சொல்லுங்க. புத்தகத்துல ஆயிரம் இருக்கும், ஜனங்க என்ன பண்ணுச்சிங்கறதுதான் எனக்கு வேணும்.

லிங்கம்_பழைய_லண்டன்:

ஒக்காந்து வேல பாக்குறது என்ன அக்கா, தொழுகையே நடத்திருக்காங்க. நியூயார்க்ல பேத் ஹமித்ராஷ்னு ரஷ்ய யூதங்களோட சபை, 1856ல ஆலன் ஸ்ட்ரீட்ல வேல்ஸ்காரங்களோட பழைய ஜெப வீட்ட வாங்கி சினகாக் ஆக்குனாங்க. இது செல்லுமான்னு கேள்வி கடல் தாண்டி ஐரோப்பாவுல லெம்பர்க் ஊரு ரபி யோசேப் சவுல் நாதன்சோன்கிட்ட போச்சி, அவரு அனுமதிச்சாரு. அந்தச் சபையில இருந்து பிரிஞ்ச கூட்டம் 1885ல நோர்ஃபோக் ஸ்ட்ரீட்ல 1850ல கட்டுன பாப்டிஸ்ட் சர்ச் ஒன்ன வாங்கி 100 வருஷத்துக்கு மேல அதுலயே இருந்தாங்க, 2017ல தீப்புடிச்சிதான் போச்சி. கடுமையா எதிர்த்த ரபிங்களும் உண்டு, அடுத்த மதத்துக்காரன் பாடுன எடத்துல நின்னு நாம ஜெபிக்கிறது அழகில்லன்னு. ஆனா கவனிங்க, அந்தச் சண்டையெல்லாம் ஜெபிக்கிறதுக்கு. கணக்கு எழுதுறதுக்கும் டிராயிங் போடறதுக்கும் சட்டம் அவ்ளோ இறுக்கிப் புடிக்காது.

லண்டன்லயே பிரிக் லேன்ல ஒரு கட்டடம் இருக்கு, நான் நெறைய தடவ அந்த வழியா போயிருக்கேன். 1743ல பிரான்ஸ்ல இருந்து ஓடியாந்த ஹியூகனோ புரோட்டஸ்டன்ட்காரங்க கட்டுனது, 1819ல மெதடிஸ்ட்காரங்க எடுத்தாங்க, 1898ல மக்ஸிகே ஹடாஸ்ங்கற படு ஆச்சாரமான யூதங்க சினகாக் ஆக்குனாங்க, 1976ல இருந்து வங்காள முஸ்லிம்களோட பள்ளிவாசல். மேல சூரியக் கடியாரம் இன்னும் அப்படியே இருக்கு, 1743ன்னு போட்டு. ஒவ்வொரு கூட்டமும் வசதி வந்ததும் வேற பேட்டைக்குக் குடி போயிடுச்சி, அமைதிக் காலத்துல விட்டுட்டுப் போறதுன்னா அதுதான்.

கட்டடத்துக்குள்ள சிலுவ, ஓவியக் கண்ணாடி இருந்தா என்னன்னு கேப்பீங்க. அதுக்கு மிஷ்னால வர்ற பெரிய அறிஞர் ரப்பான் கமாலியேல் கத ஒன்னு இருக்கு. அக்கோ ஊர்ல பொதுக் குளியல் வீடு, நடுவுல அஃப்ரோடிட்டிங்கற கிரேக்கக் காதல் தேவதை சிலை. இவரு குளிச்சிக்கிட்டு இருக்காரு, ஒருத்தன் வந்து ஒங்க சட்டம் என்னாச்சின்னு மடக்குறான். குளிக்கிற எடத்துல வேதம் பேசக் கூடாதுன்னு வெளிய வந்தப்பறம் சொன்னாரு, நான் அவ எல்லைக்குள்ள வரல, அவதான் என் எல்லைக்குள்ள வந்தா. அஃப்ரோடிட்டிக்கு அலங்காரமா குளியல் வீடு கட்டல, குளியல் வீட்டுக்கு அலங்காரமா அவள வச்சாங்க. சிலுவையிலயும் பிரிச்சிப் பாப்பாங்க, கும்புட்ட சிலுவைன்னா ரத்து வேணும், ஞாபகத்துக்குக் கழுத்துல போடறதுன்னா அந்தக் கணக்குல வராது. அதனால தம்பி, பீடம் இருந்த எடத்துல என்ன வருது, பெரிய சிலுவைய டிசைனுக்காக விட்டு வைக்கிறாங்களா, அத பாரு.

சிப்புட்_டிராப்ட்ஸ்மேன்:

அண்ணே, டீச்சர், எல்லாருக்கும் நன்றி. நான் ஒரு வழியா தைரியம் பண்ணி கொலீக்கிட்டயே சாட்ல கேட்டேன், இந்த மாதிரி எங்க ஊர் ஆளுங்க ரப்பான் கமாலியேல் வரைக்கும் போயிட்டாங்கன்னு சொன்னதும் மனுஷன் சிரிச்சிட்டாரு, அப்பறம் மளமளன்னு பேச ஆரம்பிச்சிட்டாரு. அவரு சொன்னதுல நம்ம யாரும் தொடாத ஒன்னு இருக்கு. அவரு கோஹென் குலம், பழைய ஆலயத்துப் பூசாரிங்க வம்சம். சர்ச்சுங்கற விஷயத்த ரபி ஓரளவுக்கு சரின்னுட்டாராம், சபைக்காரங்க பீடம் எல்லாம் எடுத்துட்டு முறையா மூடிட்டாங்க, அது மெதடிஸ்ட் கட்டடம், சிலை கிலை ஒன்னும் இல்ல. இப்ப பிரச்சன தரைக்குக் கீழ யாரையாச்சும் பொதச்சிருக்காங்களாங்கறது. கோஹென் பொணம் இருக்கற கூரைக்குக் கீழ நிக்கக் கூடாதாம்.

லிங்கம்_பழைய_லண்டன்:

அட, இது எனக்கு மொதல்லயே தோனிருக்கணும்னு மஷ்கியாக் திட்டுவாரு 😄 லேவியராகமம் 21ஆம் அதிகாரம். நெருங்குன சொந்தத்துக்கு மட்டுந்தான் விலக்கு. யூதர் அல்லாதவங்க கல்லறைக்கு இந்தக் கூரைத் தீட்டு உண்டா இல்லயான்னு தல்முத்லயே வாதம் இருக்கு, ரபி ஷிமோன் பார் யோகாய் இல்லன்னாரு, ஆனாலும் ஒதுங்கிப் போறதுதான் நல்லதுன்னு ஷுல்கான் அரூக். லண்டன்ல 1850களுக்கு முன்ன கட்டுன கட்டடம்னா கீழ நெலவறையில பெட்டிங்க வச்சிருக்க வாய்ப்பு அதிகம், அதுக்கப்பறம் ஊருக்குள்ள பொதைக்கிறத சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க. கட்டுன வருஷம் என்ன? சர்வே டிராயிங் ஒன்கிட்டதானே இருக்கு, அத தொறந்து பாரு.

சிப்புட்_டிராப்ட்ஸ்மேன்:

இப்பத்தான் பாத்தேன் அண்ணே. பிளான்ல 1838ன்னு இருக்கு. கிழக்குப் பக்கம் தரைக்குக் கீழ செங்கல் வளைவு போட்ட ரெண்டு அற, மண்ணு நெரப்பி மூடியிருக்குன்னு குறிப்பு, உள்ள என்ன இருந்துச்சின்னு ஒன்னும் போடல. மேற்குப் பக்கம் பின்னால கட்டுன ஹால், 1890கள், கீழ வெறும் மண்ணு, தனிக் கூரை, நடுவுல ஒரு கதவுதான் சேக்குது. எங்க டீம் டேபிள கிழக்குப் பக்கந்தான் போட்டிருக்கோம். மேற்கு ஹாலுக்குத் தள்ளுறது எனக்கு ஒரு அர நாள் வேல, அங்க தனி வாசலும் இருக்கு. ஆனா நான் பாட்டுக்கு மாத்திடாம மொதல்ல அவருக்கு அந்த சர்வே ஷீட்ட அனுப்பிடறேன், ரபிகிட்ட காட்டட்டும். தோட்டத்து விஷயமும் அம்மாகிட்ட கேட்டேன், எங்க கோயிலுக்கு கலசம் கிலசம் ஒன்னும் பண்ணலயாம், தார்ப்பாயிதான்.

கோயில்_கமிட்டி_மணியம்:

இப்பவும் பண்ணலாம் தம்பி. உரக்கடக்காரர் சம்மதிச்சா குருக்கள கூட்டியாந்து ஒரு நாள் காலையில முடிச்சிடலாம், புதுக் கோயில் கமிட்டிகிட்ட பேசுங்க, எனக்குத் தெரிஞ்ச குருக்கள் ஈப்போவுல இருக்காரு, தனிச் செய்தி போடுங்க.

ஸ்டெல்லா_டீச்சர்:

தம்பி, மெயில இப்ப அனுப்பிடாதீங்க. இங்க வெள்ளி ராத்திரி 11 தாண்டிடுச்சி, அங்க அவரு மெழுகுவத்தி ஏத்துற நேரம். சனி ராத்திரி வரைக்கும் தொறக்க மாட்டாரு, ஞாயித்துக்கெழம போடுங்க.